பாலத்துக்கு இந்தப் பக்கம் ஆறு கோடைகள்

மவுண்ட் டெசர்ட் தீவுக்கு ஆர்வி (உள்ளேயே தங்கும் வசதியுள்ள வண்டி) எடுத்துக்கொண்டு போகிறோம், எங்கே நிறுத்தலாம் என்று யார் கேட்டாலும் நான் சொல்வது ஒன்றுதான்: பாலத்தைத் தாண்டாதீர்கள். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தின் அகேடியா தேசியப் பூங்காவில் பெரும்பகுதி அந்தத் தீவில்தான் இருக்கிறது. எல்ஸ்வொர்த்திலிருந்து ரூட் 3 வழியாக ட்ரென்டனைக் கடந்து, ஒரு சின்னப் பாலம் ஏறினால் தீவு வந்துவிடும். நாங்கள் பிக்கப் டிரக்கின் பின்னால் இழுத்துச் செல்லும் எங்கள் 26 அடி டிராவல் டிரெய்லரை அந்தப் பாலத்துக்கு முன்னாலேயே, ட்ரென்டன் பக்கத்து முகாம்களில்தான் ஆறு கோடையாக நிறுத்தி வருகிறோம்.

முதல் வருடம் எனக்கும் தீவுக்குள்ளேயே, பூங்காவின் பிளாக்வுட்ஸ் முகாமில் தங்க வேண்டும் என்றுதான் ஆசை. காடு, அமைதி, நடந்தே போகும் தூரத்தில் கடல். ஆனால் அங்கே எந்த இடத்திலும் ஹூக்கப், அதாவது வண்டிக்கான தண்ணீர், மின்சார, கழிவுநீர் இணைப்பு, கிடையாது. ஜெனரேட்டரைக் குறிப்பிட்ட நேரத்தில்தான் ஓட்டலாம். 35 அடிக்கு மேல் நீளமான வண்டிக்கு இடமில்லை. கூடாரம் அடிப்பவர்களுக்கு அது சொர்க்கம். குழந்தையும் அம்மாவும் கூட வரும்போது ஒரு வாரம் முழுக்கத் தண்ணீரையும் பேட்டரியையும் எண்ணிக்கொண்டிருக்க முடியாது. ட்ரென்டனில் தண்ணீர், மின்சாரம், கழிவுநீர் மூன்றும் டிரெய்லருக்குப் பக்கத்திலேயே கிடைத்தன. இரவு எவ்வளவு குளிர்ந்தாலும் சுடுதண்ணீரில் குளித்துவிட்டுத் தூங்கலாம். ஜூலையில்கூட அங்கே இரவுக்கு ஸ்வெட்டர் வேண்டும்.

இன்னொரு காரணம் பாலங்களின் உயரம். பூங்காவுக்குள் இருக்கும் கல் பாலங்கள் பார்க்க அவ்வளவு அழகு, ஆனால் தாழ்வு. ஸ்டான்லி புரூக் சாலையில் ஒன்று வெறும் 10 அடி 4 அங்குலம். கூரையில் ஏசியோடு எங்கள் டிரெய்லர் 11 அடிக்குப் பக்கத்தில் வரும். கேடிலாக் மலையுச்சிச் சாலையில் ஆர்விக்கும் டிரெய்லருக்கும் அனுமதியே இல்லை. ஆகவே தீவில் தங்கினாலும் டிரெய்லர் நின்ற இடத்தில்தான் நிற்கும். சுற்றிப் பார்க்கக் காரோ பேருந்தோதான் வேண்டும். அப்படியானால் வசதியான இடத்திலேயே நிற்கட்டுமே.

பேருந்து என்றால் ஐலண்ட் எக்ஸ்புளோரர். 1999-லிருந்து ஓடுகிறது, கட்டணம் இல்லை, ஜூன் கடைசியிலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரை. ட்ரென்டன் பக்கமும் வந்ததுண்டு, ஆனால் தீவுக்குள் ஓடும் தடங்களைப் போல அடிக்கடி வராது. அதனால் நாங்கள் காலை எட்டு மணிக்கு முன்பே பிக்கப்பை எடுத்துக்கொண்டு பாலம் தாண்டி, ஹல்ஸ் கோவ் பார்வையாளர் மையத்தில் நிறுத்திவிட்டு அங்கிருந்து பேருந்து ஏறுவோம். ஒன்பது மணி ஆகிவிட்டால் ரூட் 3-இல் வண்டிகள் வரிசை கட்டத் தொடங்கிவிடும். மாலை திரும்பும்போதும் அதே கதை. இந்தப் பக்கம் தங்குவதில் உண்மையான குறை இது ஒன்றுதான். இதைச் சின்ன விஷயம் என்று சொல்ல மாட்டேன். மதியச் சாப்பாட்டுக்கு டிரெய்லருக்கு வந்து, குழந்தையைக் கொஞ்சம் தூங்க வைத்துவிட்டு மறுபடி போகலாம் என்று ஒருநாள் முயன்றோம். அந்த நாள் முழுக்கச் சாலையிலேயே போனது.

கேடிலாக்கில் சூரிய உதயம் பார்க்க வேண்டுமென்றால் மே கடைசியிலிருந்து அக்டோபர் கடைசி வரை வண்டிக்கு முன்பதிவு தேவை, 6 டாலர். இடங்களில் ஒரு பகுதி 90 நாள் முன்னதாகவும், பெரும்பகுதி இரண்டு நாள் முன்பு காலை பத்து மணிக்கும் திறக்கும். இரண்டு நாள் முன்பு எடுப்பதே நல்லது. அங்கே மூடுபனி சொல்லிக்கொண்டு வராது. வானிலை பார்த்துவிட்டு எடுத்தால் வெறும் வெள்ளையைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியிருக்காது.

இனி மின்சாரம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் எங்களுக்குச் செலவு வைத்தது இதுதான். இரண்டாம் வருடம் ஒரு முகாமில் 30 ஆம்பியர் இணைப்பு. கணக்குப்படி 120 வோல்ட்டில் 3,600 வாட் கிடைக்க வேண்டும். ஜூலை மதியம், அபூர்வமான வெயில், முகாம் முழுக்க எல்லோரும் ஏசி போட்டுவிட்டார்கள். எங்கள் ஏசியின் சத்தம் மாறியது, ஓர் உறுமல் போல. மீட்டரைச் செருகிப் பார்த்தால் 102 வோல்ட். அணைத்துவிட்டு வெளியே போய்க் கம்பியை உருவினேன். பிளக்கின் ஒரு முள்ளைச் சுற்றிப் பிளாஸ்டிக் பழுப்பாகி, ஓரம் இளகிப்போயிருந்தது. எரிந்த வாசனை வேறு. வோல்ட்டேஜ் இறங்கினால் மோட்டார் கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கும், தளர்ந்த செருகி சூடாகும். ஊர் திரும்பியதும் முதல் வேலையாக, 104 வோல்ட்டுக்குக் கீழே போனால் தானாக இணைப்பைத் துண்டிக்கும் பாதுகாப்புப் பெட்டி ஒன்று வாங்கினேன். நான்கு கோடையில் மூன்று முறை துண்டித்திருக்கிறது. திடீரென ஏறும் வோல்ட்டேஜை மட்டும் தடுக்கும் வெறும் சர்ஜ் ப்ரொடெக்டர் இந்த வேலையைச் செய்யாது. தண்ணீர்க் குழாய்க்கு அழுத்தம் குறைக்கும் ரெகுலேட்டரும் அவசியம்.

கழிவுநீர்: கறுப்புத் தொட்டியின் (கழிப்பறைக் கழிவு சேரும் தொட்டி) வால்வை எப்போதும் மூடியே வையுங்கள், மூன்றில் இரண்டு பங்கு நிறைந்த பிறகு திறந்துவிடுங்கள், அப்புறம் குளித்த, பாத்திரம் கழுவிய தண்ணீர் சேரும் சாம்பல் தொட்டி. முழு ஹூக்கப் இருக்கிறதே என்று திறந்தே வைத்தால் திரவம் ஓடிவிடும், திடம் காய்ந்து கட்டியாகிவிடும். விறகை வெளி மாநிலத்திலிருந்து கொண்டுபோகாதீர்கள். பூச்சி பரவும் என்பதால் மெய்னில் தடை. அங்கேயே கட்டுக் கட்டாகக் கிடைக்கும். உப்புக் காற்றில் ஹிட்ச்சும் (டிரெய்லரை வண்டியோடு இணைக்கும் பகுதி) டிரெய்லரைத் தாங்கும் ஜாக் கால்களும் சீக்கிரம் துருப்பிடிக்கும். வீடு வந்ததும் அடிப்பகுதியை நல்ல தண்ணீரால் கழுவி எண்ணெய் போட்டுவிடுவேன். மே, ஜூனில் கறுப்பு ஈ கடிக்கும், குழந்தைகள் இருந்தால் அந்த மாதங்களைத் தவிர்க்கலாம்.

இடம் தேர்ந்தெடுக்கும்போது கரையோர இடம் கேளுங்கள், கொஞ்சம் கூடுதலாக ஆனாலும் பரவாயில்லை. இந்தப் பகுதியில் ஓதம், அதாவது கடல்மட்டம், 10 முதல் 12 அடி ஏறி இறங்கும். காலையில் டிரெய்லருக்கு முன்னால் அலையடித்த தண்ணீர் மதியம் பார்த்தால் காணாமல் போயிருக்கும், கண்ணுக்கெட்டிய தூரம் சேறு. முதல் நாள் அம்மா பயந்தே போனார், “ஏண்டா, கடல் எங்கடா போச்சு?” என்று. சேற்று வாசனை வரும், உண்மைதான், மறுநாளே பழகிவிடும். தீவின் முக்கிய ஊரான பார் ஹார்பரிலிருந்து பக்கத்திலுள்ள குட்டி பார் தீவுக்கு நடந்து போகும் மணல் திட்டும் இதே கணக்குத்தான்: தாழ்ந்த ஓதத்துக்கு முன்னும் பின்னும் ஒன்றரை மணி நேரம் மட்டுமே திறந்திருக்கும். ஓத அட்டவணையை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்து, அதைப் பார்த்துத்தான் எங்கள் நாளைப் பிரித்துக்கொள்கிறோம்.

கடந்த இரண்டு முறை நான்கு நாட்களைப் பிரித்து ஸ்கூடிக்கிலும் தங்கினோம். அது பூங்காவின் நிலப்பகுதித் துண்டு. 2015-இல் திறந்த ஸ்கூடிக் வுட்ஸ் முகாமில் தண்ணீரும் மின்சாரமும் உண்டு, கழிவுநீர் இணைப்பு மட்டும் இல்லை. பார் ஹார்பருக்குச் சாலையில் ஒரு மணி நேரம் பிடிக்கும். கூட்டம் குறைவு, இரவில் நட்சத்திரம் அதிகம். தீவை ஒருமுறை பார்த்தவர்கள் இங்கேயே இருந்துவிடலாம். முதல் முறை போகிறவர்களுக்கு ட்ரென்டன்தான்.

அம்மா தீவுக்கு இரண்டு நாள்தான் வந்தார். மீதி நாட்கள் டிரெய்லர் வாசலில் மடக்கு நாற்காலி போட்டு, தண்ணீர் வடிந்த சேற்றில் முழங்கால்வரை பூட்ஸ் போட்டுச் சிப்பி தோண்டுகிறவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். குனிந்த முதுகு நிமிராமல், நாற்று நடுகிற மாதிரி பின்னால் நகர்ந்து நகர்ந்து தோண்டுவார்கள். ஓதம் திரும்பி முதல் நீர்க்கோடு சேற்றின் மீது ஓடி வரும்போது வாளியைத் தூக்கிக்கொண்டு கரையேறுவார்கள். அதற்குள் அவர் எங்களுக்கு டீ போட்டிருப்பார்.