எக்செலா, ஆக்சஸா? ஓர் உளுந்துக் கடைக் கணக்கு

யாங்கோனில் எங்கள் உளுந்துக் கடையில் கணக்கெழுத முதலில் எக்செல்தான். பர்மிய எடையான வீசையைக் கிலோவாக்க 1.63-ஆல் பெருக்கினால் போதும். மாத விற்பனையை பிவட் டேபிள் என்ற தொகுப்பு அட்டவணை நொடியில் கூட்டித் தரும்.

வினை வந்தது கடன் பாக்கியில். மாண்டலே வாடிக்கையாளர் ஒருவரின் பெயருக்கு முன்னால் பர்மிய மரியாதை அடைமொழியாக நான் 'ஊ' போட்டேன், தம்பி 'கோ' போட்டான், அப்பா எதுவும் போடவில்லை. ஒரே ஆளின் பாக்கி மூன்றாகச் சிதறிவிட்டது.

தரவுத்தள மென்பொருளான ஆக்சஸில் அவருக்கு ஓர் எண். விற்பனை அட்டவணையில் அந்த எண் மட்டும்தான். பெயர் இருப்பது ஒரே இடத்தில். ஆனால் அட்டவணைகளை எப்படிப் பிரிப்பது என்று பிடிபடவே எனக்கு ஒரு மாதம் ஆனது.

எக்செல் தாளில் 10,48,576 வரிசை, ஆக்சஸ் கோப்புக்கு 2 ஜிபி வரம்பு: சின்னக் கடைக்கு இரண்டுமே தாராளம். கடனே கொடுக்காத கடையென்றால் எக்செலோடு நிறுத்திக்கொள்வேன். அப்படி ஒரு கடை இங்கே எங்கே இருக்கிறது?