காது இரைச்சலை லேசரில் நிறுத்துவதாகச் சொல்லி 64,500 ரூபாய் வாங்கிக்கொண்டு கைவிரித்துவிட்டார்கள்

காது இரைச்சலை நிரந்தரமாக நிறுத்தித் தருவதாக விளம்பரம் செய்யும் ஒரு தனியார் லேசர் மையத்தில் 64,500 ரூபாயைக் கட்டிவிட்டு, அதில் ஒரு ரூபாய்கூடத் திரும்பி வராது என்ற பதிலை நேற்று மாலை அவர்கள் வாயாலேயே கேட்டுவிட்டு வந்து இதை எழுதுகிறேன். கோபம் இன்னும் ஆறவில்லை. ஆறட்டும் என்று காத்திருந்தால், அதற்குள் அந்த விளம்பரத்தைப் பார்த்து இன்னும் யாராவது பணத்தைக் கட்டிவிடுவார்கள். புகார் கொடுத்திருப்பதால் மையத்தின் பெயரை இப்போது வெளியிட வேண்டாம் என்று வழக்கறிஞராக இருக்கும் உறவினர் சொல்லியிருக்கிறார். பெயர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அவர்கள் கையாளும் முறையைத் தெரிந்துகொண்டால், இதே முறையில் நடக்கும் எந்த இடத்தையும் நீங்கள் அடையாளம் கண்டுவிடலாம்.

கோவை வட்டாரத்து ஸ்பின்னிங் மில் ஒன்றில் ரிங் ஃப்ரேம் பகுதியில் நெடுங்காலம் மேஸ்திரியாக வேலை பார்த்தவன் நான். பக்கத்தில் நிற்பவரிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமென்றாலும் அவர் காதோடு வாய் வைத்துக் கத்த வேண்டிய கூடம் அது. காதில் செருகிக்கொள்ள எங்களுக்குக் கிடைத்ததெல்லாம் அங்கேயே பறந்துகொண்டிருந்த பஞ்சுதான். அந்தப் பஞ்சு அவ்வளவு பெரிய சத்தத்தைத் தடுக்காது. எட்டு மணி நேர ஷிப்டுக்கு 90 டெசிபல்தான் உச்சவரம்பு என்பதும், இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் அட்டவணையிலேயே ஒரு நோயாக இடம்பெற்றிருந்தது என்பதும் வேலையை விட்டு வந்த பிறகுதான் எங்களில் பலருக்குத் தெரியவந்தன.

இப்போது மில் இல்லை, ஆனால் சத்தம் இருக்கிறது. குக்கரில் விசில் எழும்புவதற்குச் சற்று முன்பு வரும் அந்தச் சீறல் நிற்காமல் இரண்டு காதுகளுக்கும் நடுவே கேட்டுக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். பகலில் தெருச் சத்தமும் பேச்சும் அதை ஓரளவு மூடிவிடும். இரவில் வீடு அடங்க அடங்க அது பெரிதாகும். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது ஒரு நோயாகவே தெரியாது. காயம் இல்லை, காய்ச்சல் இல்லை, முகத்தில் ஒன்றும் தெரிவதில்லை. "அதையே நினைச்சுக்கிட்டு இருக்காதீங்க" என்று சொல்லிவிட்டு எல்லோரும் தூங்கப் போய்விடுவார்கள்.

காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருவரைத் தொடக்கத்திலேயே பார்த்தேன். செவித்திறன் பரிசோதனை எடுத்தார்கள். வரைபடத்தில் கோடு நேராக வந்து 4000 ஹெர்ட்ஸ் இருக்குமிடத்தில் கிணறுபோல் இறங்கியிருந்ததைக் காட்டி, பெரும் இரைச்சலில் வேலை செய்தவர்களுக்கு வழக்கமாக விழும் பள்ளம் இது, உட்காதில் ஒலியை உணரும் மயிரிழைச் செல்கள் செத்துப்போனால் அவை மனிதர்களுக்கு மறுபடி முளைப்பதில்லை, அங்கிருந்து வரவேண்டிய ஒலி வராததால் மூளை தானாகவே சத்தத்தைக் கூட்டிவைத்துக்கொள்கிறது என்று அவர் விளக்கினார். இதை அணைக்க மாத்திரை கிடையாது, பழகிக்கொள்ள வழி உண்டு என்றார். அவர் சொன்ன ஒவ்வொன்றும் உண்மை. ஆனால் அதைச் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள். பழகிக்கொள்ளும் அந்த வழி என்ன, அதை யாரிடம் போய்க் கற்றுக்கொள்வது என்று கேட்பதற்கு நேரமில்லை. இந்த மாதிரி மையங்கள் நுழைவது அந்த இடைவெளியில்தான்.

கைபேசியில் காது இரைச்சல் என்று தேட ஆரம்பித்ததும் விளம்பரங்கள் வரிசைகட்டி வந்தன. அவற்றில் ஒன்றுதான் இந்த மையம்: "90 நாட்களில் நிரந்தரத் தீர்வு, அறுவைச் சிகிச்சை இல்லை, பக்கவிளைவு இல்லை." நகரின் பெரிய சாலை ஒன்றில் மாடியில் குளிர்சாதன வசதியுடன் இருந்தது. வெள்ளைக் கோட்டு அணிந்தவர் உட்கார வைத்து, இதுவரை எந்த மருத்துவமனையிலும் யாரும் கேட்காத கேள்விகளைப் பொறுமையாகக் கேட்டார். இரவில் மின்விசிறியை நிறுத்தினால் சத்தம் கூடுகிறதா, கோயில் மணி அடித்தால் காது கூசுகிறதா, விடியற்காலையில் அந்தச் சத்தத்திலேயே விழிப்பு வருகிறதா, வீட்டில் எரிந்து விழுகிறீர்களா என்று கேட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி கடைசிக் கேள்விக்குக் கண்கலங்கிவிட்டாள். சுவரில் ஓர் ஆங்கிலப் பத்திரிகைச் செய்தி சட்டமிட்டு மாட்டப்பட்டிருந்தது. காது இரைச்சலுக்கான கருவிக்கு அமெரிக்க அரசு 2023-இல் அனுமதி கொடுத்த செய்தி. "அந்த டெக்னாலஜிதாங்க நம்மகிட்ட இருக்குது" என்றார்.

பிறகு நடந்ததைக் கவனமாகப் படியுங்கள், ஏனென்றால் வியாபாரம் முழுவதும் இதில்தான் இருக்கிறது. சிவப்பு விளக்கு எரியும் ஒரு முனையைக் காதுத் துளையில் பொருத்தினார்கள். அதற்கு மேல் ஹெட்போனை மாட்டி, லேசர் வேலை செய்யும்போது வெளிச்சத்தம் கேட்கக்கூடாது என்று சொல்லி, அருவி கொட்டுவதுபோன்ற ஓசையைச் சற்றுப் பலமாக ஓடவிட்டார்கள். ஓரிரு நிமிடம் கழித்து எல்லாவற்றையும் கழற்றிவிட்டு அந்த ஆள் என் தோளில் கை வைத்துக் கேட்டார்: "இப்பச் சொல்லுங்கண்ணா, சத்தம் இருக்குதுங்களா?"

இல்லை. உண்மையாகவே இல்லை. குளிர்சாதனப் பெட்டியின் முனகல் கேட்டது, என் மனைவியின் வளையல் மேசையில் உரசியது கேட்டது, சீறல் மட்டும் இல்லை. ஆண்டுக்கணக்கில் கேட்காத அமைதி அது. ஒரு நிமிடம்கூட நீடித்திருக்காது, பிறகு மெல்லத் திரும்பி வந்தது. "முதல் தடவை ஒரு நிமிஷம், அடுத்தது ஒரு மணி நேரம், அப்புறம் ஒரேயடியா நின்னுரும்" என்று சொல்லிக்கொண்டே தொகுப்பின் விலைப்பட்டியலை நீட்டினார். மொத்தம் 64,500 ரூபாய். அன்றே கட்டாவிட்டால் 80,000 என்றார். என் மனைவி வங்கியில் நகையை வைத்துக் கொண்டுவந்த பணத்தில் அன்று மாலையே அந்த 64,500 ரூபாயைக் கட்டினோம்.

அந்த ஒரு நிமிட அமைதிக்கும் லேசருக்கும் சம்பந்தமில்லை. பின்னர் ஓர் அரசு மருத்துவமனையின் செவித்திறன் பிரிவில் இருந்த ஆடியாலஜிஸ்ட் அம்மா, எந்த விளக்கும் இல்லாமல் வெறும் ஹெட்போனில் அதே மாதிரி ஓசையை ஒரு நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, அதே அமைதியை எனக்குக் காட்டினார். கட்டணம் ஏதுமில்லை. ரெசிடுவல் இன்ஹிபிஷன் என்பது இதன் பெயர். காது இரைச்சல் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு, அதை மூடும் அளவுக்கான ஓசையைச் சற்று நேரம் கேட்டு நிறுத்தினால், சில நொடிகளுக்கோ சில நிமிடங்களுக்கோ இரைச்சல் தணிந்திருக்கும். பிறகு பழைய நிலைக்கே வந்துவிடும். திரும்பத் திரும்பச் செய்தாலும் அந்த நேரம் மணிக்கணக்காக வளர்வதில்லை. காது மருத்துவத் துறையில் பல பத்தாண்டுகளாகத் தெரிந்த விஷயம் இது. தெரிந்தே இதை லேசரின் சாதனையாகக் காட்டி, ஏங்கிக் கிடப்பவனுக்கு ஒரு நிமிட அமைதியைக் கொடுத்து, அவன் வீட்டு நகையை வாங்கிக்கொள்கிறார்கள். 64,500 ரூபாய் போனதைவிட இதுதான் எனக்குப் பொறுக்க முடியவில்லை.

சுவரில் மாட்டியிருந்த செய்தியும் அப்படியே. 2023-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற கருவி, காதில் ஓசையும் நாக்கில் மெல்லிய மின்தூண்டலும் சேர்த்துக் கொடுப்பது. அதில் லேசரே கிடையாது.

அந்தப் பணத்துக்கு அவர்கள் கொடுத்தவை: பேட்டரியில் ஓடும் சிவப்பு விளக்குக் கருவி ஒன்று, எண்ணெய் போன்ற சொட்டு மருந்துப் புட்டிகள், ஜின்கோ இலைச் சாறு என்று எழுதிய கேப்சூல் டப்பாக்கள். சொட்டு மருந்தின் லேபிளில் தயாரிப்பாளர் முகவரியே இல்லை. அதை ஊற்ற ஊற்றக் காது அரித்து, வீங்கி, நீர் வடிய ஆரம்பித்தது. தொலைபேசியில் சொன்னபோது, "உள்ள இருக்கிற கழிவு வெளிய வருதுங்க, நல்லதுதான்" என்றார்கள். கடைசியில் பழைய காது மருத்துவரிடமே போய்ச் சுத்தம் செய்து, ஆன்டிபயாட்டிக் சொட்டு மருந்து போட்டுத்தான் ஆறியது.

அதன் பிறகு அவர்கள் சொன்ன பதில்களை வரிசையாக எழுதுகிறேன், ஏனென்றால் எல்லோருக்கும் இதே பதில்கள்தான் கிடைக்கும் போலிருக்கிறது. முதலில், சத்தம் தொடக்கத்தில் கூடித்தான் குறையும் என்றார்கள். அடுத்து, காப்பியையும் உப்பையும் நான் நிறுத்தவில்லை என்றார்கள். அதற்கடுத்து என் மன அழுத்தம்தான் மருந்தை வேலை செய்யவிடவில்லை என்றார்கள். பிறகு, என்னுடையது நாள்பட்ட இரைச்சல் என்பதால் இரண்டாம் கட்டத் தொகுப்பு வேண்டும், அதற்கு மேலும் 38,000 ரூபாய் ஆகும் என்றார்கள். நான் முதலில் கட்டிய 64,500 ரூபாயைப் பற்றிப் பேச்செடுத்ததும் வாட்ஸப்பில் பதில் வருவது நின்றது. நேரில் போனால் "டாக்டர் ஊர்ல இல்லீங்க", "மேனேஜர் மீட்டிங்ல இருக்காருங்க" என்று வரவேற்பில் இருந்த பெண் சொல்லிக்கொண்டிருந்தாள். பாவம், அவளைச் சொல்லிக் குற்றமில்லை. சொல்லச் சொன்னதைச் சொல்கிறாள். நேற்று மேலாளர் ஒருவழியாக வெளியே வந்தார். வெள்ளைக் கோட்டுக்காரரின் மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணைக் கேட்டேன். அவர் மருத்துவர் என்று நாங்கள் எங்கே சொன்னோம், அவர் ஆலோசகர் என்றார். ரசீதை எடுத்துக் காட்டினேன். அதில் சிகிச்சை என்ற சொல்லே இல்லை. "வெல்னஸ் பொருட்கள், 64,500" என்றுதான் இருந்தது. அதைத் திருப்பிப் போட்டு, எறும்பளவு எழுத்தில் அச்சிட்டிருந்த வரியை விரலால் தொட்டுக் காட்டினார்: விற்ற பொருளுக்குப் பணம் திருப்பித் தரப்படமாட்டாது. "வேணும்னா கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போங்கண்ணா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். போகத்தான் போகிறேன்.

இதில் சிக்கக்கூடியவர்களுக்காக விரிவாக எழுத நினைத்தேன். இப்போது அதற்கான நிதானம் இல்லை. ஆகவே முக்கியமானவற்றை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

காது இரைச்சலை நிரந்தரமாக நிறுத்துவேன் என்று யார் சொன்னாலும் பணத்தை எடுக்காதீர்கள். ஜின்கோ, துத்தநாகம், மெலடோனின் போன்றவற்றைப் பரிந்துரைக்க வேண்டாம் என்று அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர்களின் சங்கம் 2014-இலேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. செவித்திறன் குறைந்தவர்களுக்குக் காது கேட்கும் கருவியும், தொல்லை தாங்க முடியாதவர்களுக்கு அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்ற உளவியல் பயிற்சியும்தான் அதில் பரிந்துரைக்கப்பட்டிருப்பவை. எனக்கு இப்போது அரசு மருத்துவமனையில் கருவி பொருத்திப் பார்க்கிறார்கள். சத்தம் போகவில்லை, கருவியைப் போட்டிருக்கும்போது மற்ற ஓசைகள் முன்னால் வருவதால் அது பின்னுக்குப் போகிறது.

ஒரு காதில் மட்டும் இரைச்சல் இருந்தாலோ, நாடித்துடிப்போடு சேர்ந்து தாளம்போல் அடித்தாலோ ஸ்கேன் தேவையா என்று காது மருத்துவரிடம் கட்டாயம் கேளுங்கள். திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால் அன்றே மருத்துவமனைக்கு ஓடுங்கள். அதற்கான ஸ்டீராய்டு சிகிச்சையைத் தாமதிக்கத் தாமதிக்கப் பலன் குறையும். இப்படிப்பட்ட மையத்தில் 90 நாளைக் கழித்துவிட்டுப் போனால் மருத்துவரால் ஒன்றும் செய்ய முடியாமல் போகலாம்.

முகவரி இல்லாத சொட்டு மருந்தைக் காதில் ஊற்றாதீர்கள். பதிவு எண் சொல்லாதவரிடம் காதைக் காட்டாதீர்கள். காது கேளாமையைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம் தடை செய்கிறது. அப்படி விளம்பரம் கண்ணில் பட்டால் உடனே படம் பிடித்து வையுங்கள், புகார் என்றதும் நீக்கிவிடுகிறார்கள்.

ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துப் புகாரைப் பதிவு செய்யுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். பணம் திருப்பித் தரமாட்டோம் என்று அவர்களாகவே ரசீதில் அச்சிட்டுக்கொண்டால் உங்கள் உரிமை போய்விடாது. ரசீதின் இரண்டு பக்கங்கள், மருந்து லேபிள், வாட்ஸப் உரையாடல், பணம் அனுப்பிய விவரம் ஆகிய எல்லாவற்றையும் இன்றே நகலெடுத்து வையுங்கள். என்னிடம் இருப்பவற்றைக் கோர்த்து வைத்துவிட்டேன். வரும் திங்கட்கிழமை அந்த 64,500 ரூபாயையும், காதைப் புண்ணாக்கியதற்கான மருத்துவச் செலவையும் கேட்டு ஆணையத்தில் மனு கொடுக்கிறேன்.