டிப்ளோமாவா, வலயச் செயலமர்வா, பக்கத்து வகுப்பு ரீச்சரா?

நியமனம் கிடைத்துச் சில வருடங்கள் ஓடிய பிறகு, நல்ல ஆசிரியர் எவருக்கும் ஒரு கட்டத்தில் தன் கற்பித்தல் அப்படியே நின்றுவிட்டதோ என்ற எண்ணம் வரும். அதே பாடக்குறிப்பு, அதே உதாரணம், அதே கடைசி வாங்குப் பிள்ளைகள். யாழ் மாவட்டத்தில் அந்த ஆசிரியருக்கு முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. பட்டப்பின் கல்வி டிப்ளோமா, கல்வி வலயம் நடத்தும் செயலமர்வு, தன் பாடசாலைக்குள்ளேயே இன்னொரு ஆசிரியரோடு சேர்ந்து பாடங்களைப் பார்ப்பது. மூன்றாவதை நாங்கள் போதிய அளவு மதிக்கவில்லை என்பது என் எண்ணம்.

டிப்ளோமாவை முதலில் பார்ப்போம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம், திறந்த பல்கலைக்கழகம், தேசிய கல்வி நிறுவகம் மூன்றும் இதை நடத்துகின்றன. பயிற்சி இல்லாமல் நேரே வகுப்பறைக்கு வந்த பட்டதாரிக்கு இது கட்டாயம் வேண்டும். பதவி உயர்வு ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், பிள்ளைகளின் சிந்தனை எப்படி வளர்கிறது என்று ஆராய்ந்த பியாஜேயையும் வைகொட்ஸ்கியையும் படித்த பிறகுதான் "இந்தப் பிள்ளைக்கு மண்டையில் ஏறாது" என்ற பேச்சை விட்டுவிட்டு, பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்று பார்க்கத் தோன்றும். ஆனால் வார இறுதி முழுக்கப் போய்விடும். நெடுந்தீவில் படிப்பிக்கும் ஒருவர் சனிக்கிழமைக் காலை விரிவுரைக்கு நேரத்துக்கு வர வேண்டுமென்றால், வெள்ளிக்கிழமையே படகு ஏறிக் குறிகட்டுவானுக்கு வந்துவிடுவதுதான் பாதுகாப்பு.

மீள்நோக்கு, அதாவது தன் பாடத்தைத் தானே திரும்பிப் பார்ப்பது, என்று வரும்போது டிப்ளோமாவுக்கு ஒரு குறை உண்டு. கற்பித்தற் பயிற்சியில் மேற்பார்வையாளர் பின்னால் வந்து இருக்கும் நாளில் நடப்பது அவருக்காகத் தயாரித்த பாடம். வண்ண அட்டை, குழு வேலை, பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லி வைத்த ஒழுங்கு எல்லாம் இருக்கும். அதற்குப் பிறகு எழுதும் மீள்நோக்குக்கும் புள்ளி உண்டு. புள்ளி போடப்படும் தாளில், "இந்தப் பாடம் பிழைத்துவிட்டது, ஏனென்று எனக்குத் தெரியவில்லை" என்று எழுத எத்தனை பேருக்கு மனம் வரும்? வளர்ச்சி தொடங்குவதோ அந்த வசனத்தில்தான்.

வலயச் செயலமர்வுக்கு வேறு பயன். யாழ்ப்பாணம், வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் என்று ஐந்து வலயங்களிலும் ஆசிரிய ஆலோசகர்கள் இருக்கிறார்கள். பாடத்திட்டம் மாறும்போது அவர்கள் இல்லாமல் முடியாது. 2007இல், பிள்ளை எதைச் செய்யத் தேர்ந்திருக்க வேண்டும் என்பதை மையமாக வைத்த தேர்ச்சி மையக் கலைத்திட்டம் வந்தபோது செயலமர்வுகள்தான் புதிய முறையை வகுப்பு வரை கொண்டுவந்தன. விடைத்தாள் திருத்திய அனுபவமுள்ளவர்கள் வந்து, பிள்ளைகள் எந்தக் கேள்வியில் எப்படிப் புள்ளியை விடுகிறார்கள் என்று சொல்லும் அமர்வுக்கு என்ன வேலை இருந்தாலும் போகலாம்.

மறுநாள் காலையில்தான் சிக்கல். கற்றுவந்ததை வகுப்பில் செய்தீர்களா, என்ன நடந்தது என்று கேட்க ஆள் இல்லை. 1980களில் புரூஸ் ஜொய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் இருவர் இதையே எடுத்துச் சொன்னார்கள். கோட்பாடு சொல்லி, செய்துகாட்டி, செய்துபார்க்க விட்டாலும்கூட, வகுப்பறையில் கூட நின்று உதவ ஒருவர் இல்லையென்றால் பெரும்பாலானது அங்கே போய்ச் சேராது. அப்புறம், ஒரேயொரு கணித ஆசிரியர் உள்ள தீவகப் பாடசாலையில் அவர் செயலமர்வுக்குப் போகும் நாளில் அங்கே கணிதமே இல்லை. இதையும் கணக்கில் எடுக்கத்தான் வேண்டும்.

சரி, பக்கத்து வகுப்புக்கு வருவோம். தரம் 7இல் பின்னங்களைக் கூட்டும் பாடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கரும்பலகையில் எல்லாம் ஒழுங்காகப் போகிறது. "விளங்கினதோ?" என்றால் "ஓம் ரீச்சர்" என்று முழு வகுப்பும் சொல்கிறது. பின்னால் இருக்கும் மற்ற ஆசிரியர் கரும்பலகையைப் பார்ப்பதில்லை, கொப்பிகளைப் பார்க்கிறார். ஒரு பிள்ளை 1/2 + 1/3 = 2/5 என்று எழுதியிருக்கிறது. தொகுதியைத் தொகுதியோடும் பகுதியைப் பகுதியோடும் கூட்டியிருக்கிறது. பக்கத்துப் பிள்ளை அதைப் பார்த்துத் தன் சரியான விடையை அழித்து 2/5 ஆக்குகிறது. படிப்பித்துக்கொண்டு நிற்பவரின் கண்ணுக்கு இது எட்டாது. இடைவேளையில் தேத்தண்ணியோடு நின்று, "ரீச்சர், அந்தப் பிள்ளை சரியாத்தான் போட்டது, பிறகு அழிச்சிட்டுது" என்று ஒருவர் சொல்லும்போதுதான் அடுத்த நாள் பாடம் மாறும். பாதி பாணோடு மூன்றில் ஒரு பங்கு பாணைச் சேர்த்தால் பாதியை விடக் குறையுமா என்று கேட்டுத் தொடங்கலாம்.

ஜப்பான் ஆசிரியர்கள் நூறு வருடங்களுக்கு மேலாக இதைச் செய்துவருகிறார்கள். சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிட்டு, ஒருவர் படிப்பிக்க மற்றவர்கள் பார்த்து, பிறகு இருந்து பேசித் திருத்துவார்கள். அங்கே அலசப்படுவது பாடமும் பிள்ளைகளின் சிந்தனையும். ஆசிரியருக்கு யாரும் புள்ளி போடுவதில்லை.

எங்களிடத்தில் இதற்குப் பெரிய தடை பயம். வகுப்பின் பின்னால் ஒருவர் வந்து இருந்தாலே அது மேற்பார்வை, குறை பிடிக்க வந்திருக்கிறார் என்றுதான் மனம் நினைக்கும். இளையவர் மூத்தவரின் வகுப்பைப் பார்ப்பதென்றால் இன்னும் கூச்சம். அதனால் மூத்தவர்தான் முதலில் தன் வகுப்பைத் திறந்துவிட வேண்டும். பார்க்க வருபவர் கையில் படிவம் இருக்கக் கூடாது, பார்த்தது அதிபரின் மேசைக்குப் போகவும் கூடாது. இந்த இரண்டில் ஒன்று தவறினாலும், பாடக்குறிப்பின் கடைசியில் வழக்கமாக எழுதும் "பாடம் வெற்றிகரமாக முடிந்தது" என்ற வரிதான் மிஞ்சும்.

இந்த வழிக்கும் எல்லை உண்டு. இருவருக்கும் ஒரே விடயம் பிழையாக விளங்கியிருந்தால் ஒருவரை ஒருவர் திருத்த முடியாது. அங்கே ஆசிரிய ஆலோசகரே வேண்டும். அதே பாடத்துக்கு இன்னொருவர் இல்லாத சிறிய பாடசாலையில் தமிழ் ரீச்சர் கணித வகுப்பைப் பார்க்கலாம். பிள்ளை எங்கே தடுமாறுகிறது என்று காண அவருக்குக் கணிதப் பட்டம் தேவையில்லை.

தொழில் தகைமை இல்லாதவர் டிப்ளோமாவை முதலில் முடிக்கட்டும், அதைத் தள்ளிப்போட வேண்டாம். பாடத்திட்டம் மாறும் வருடத்தில் செயலமர்வைத் தவறவிடக் கூடாது. மற்ற எல்லா வருடங்களிலும் என் தெரிவு பக்கத்து வகுப்புத்தான். அதற்குத் தேவையானதை அதிபர் நேரசூசி போடும்போதே செய்துவிடலாம். இரண்டு ஆசிரியர்களில் ஒருவருக்குப் பாடம் இருக்கும்போது மற்றவருக்கு ஓய்வாக வாரத்தில் ஒரு பாடவேளை, இருந்து பேச இருவருக்கும் பொதுவான ஓய்வு இன்னொன்று. லீவில் நிற்பவரின் வகுப்புக்கு அந்த நேரத்தில் அவர்களை அனுப்பாமல் இருந்தால் போதும்.