இதயப்புழு ஊசி என்று சொல்லி ஆட்டு மருந்தைப் போட்டார்கள்: நாய் வளர்ப்பவர்கள் கவனத்துக்கு

காங்கேயம், பல்லடம், வெள்ளகோவில், திருப்பூர் பக்கம் நாய் வளர்க்கிறவர்கள் தயவுசெய்து இதை முழுதாகப் படியுங்கள். எங்கள் பஞ்சுவுக்கு நடந்தது இன்னொரு வீட்டில் நடக்கக் கூடாது. கடையின் பெயரை நான் போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறோம், அது ஒரு முடிவுக்கு வரும்வரை போட வேண்டாம் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார்.

பஞ்சு ஸ்பிட்ஸும் நாட்டு நாயும் கலந்தது. 4 வயது, 9 கிலோ. எங்கள் தேங்காய்க் களத்தில்தான் வளர்ந்தது. தேங்காய்ப் பருப்பு காயப்போட்டிருக்கும்போது ஒரு காக்காயை இறங்க விடாது. போன ஐப்பசியில் மழையும் பெய்து, பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு) வாய்க்காலிலும் தண்ணீர் வந்து, தொட்டி, குழி, தேங்காய்ச் சிரட்டை எல்லாவற்றிலும் தண்ணீர் தேங்கிக் கொசு தாங்க முடியவில்லை. அந்தச் சமயத்தில்தான் என் பெரிய மகள் போனில், கொசுக்கடியால் நாய்க்கு இதயத்தில் புழு வரும், மாதாமாதம் மாத்திரை கொடுக்க வேண்டுமாம், டாக்டரிடம் கேளுங்கள் அம்மா என்றாள். அவள் சொன்னது சரிதான். கொசு கடிக்கும்போது உள்ளே போகும் நுண்புழு ஆறேழு மாதத்தில் வளர்ந்து, நுரையீரலுக்குப் போகும் ரத்தக் குழாயிலும் இதயத்தின் வலப்பக்கத்திலும் தங்கும். பெண் புழு ஓரடி நீளம்கூட வளரும்.

நான் டாக்டரிடம் போயிருக்க வேண்டும். ஒரு சனிக்கிழமை பொழுதோடு திருப்பூர் போனபோது, நாய்த் தீனியும் கழுத்துப்பட்டையும் விற்கும் ஒரு கடையில் நின்றோம். ‘இதயப்புழு தடுப்பூசி, வருடத்துக்கு ஒரு முறை, 900 ரூபாய்’ என்று வாசலிலேயே எழுதி வைத்திருந்தார்கள். மாத்திரை கிடைக்குமா என்று கேட்டேன். “மாத்திரை எல்லாம் மாசாமாசம் செலவுங்க்கா. ஊசி ஒண்ணு போட்டுட்டா வருசத்துக்கும் கவலையில்லீங்க. வெளிநாட்டுல இப்ப எல்லாம் ஊசிதானுங்க” என்றார் அங்கே இருந்தவர். கடைப் பையன் அவரை டாக்டர் என்றுதான் கூப்பிட்டான். நானும் அப்படியே நம்பினேன். எடை பார்க்கவில்லை. ரத்தம் எடுக்கவில்லை. இதற்கு முன்னால் வலிப்பு வந்திருக்கிறதா, வேறு ஏதாவது மருந்து கொடுக்கிறீர்களா என்று ஒரு கேள்வி கிடையாது. உள்ளறையிலிருந்து சிரிஞ்சில் ஏற்றிக்கொண்டே வந்து, பிடறியில் தோலைத் தூக்கி 1 மில்லி போட்டார். அட்டையில் ‘ஹார்ட்வோர்ம் வாக்ஸின்’ என்று எழுதிக் கொடுத்தார். பில்லிலும் அதேதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பஞ்சு சோறு தொடவில்லை. எச்சில் ஒழுகிக்கொண்டே இருந்தது. மத்தியானம் அத்தை களத்திலிருந்து கூப்பிட்டார்கள். “ஏங்கண்ணு, இங்க வந்து பாரு, பஞ்சு செவுத்துல போயி முட்டுது. கண்ணு தெரியலையாட்ட இருக்குது.” ஓடிப்போய்ப் பார்த்தால், நல்ல வெயிலில் நிற்கிறது, கண்ணின் கருமணி இரண்டும் அகல விரிந்து கிடக்கிறது. கையை முகத்துக்கு முன்னால் ஆட்டினால் இமைக்கவில்லை. பின்னங்கால் இரண்டும் குடித்தவர் நடப்பதுபோல் பின்னின.

உடனே கடைக்குப் போன் செய்தேன். “சைடு எஃபெக்ட்டுங்க்கா, ஊசி போட்டா ஒரு நாள் இருக்கும். தயிர்ச் சோறு குடுங்க, காலைல எந்திரிச்சு ஓடும்” என்றார். அந்த ஒரு வார்த்தையை நம்பி ஓர் இரவை வீணாக்கினோம். மற்ற எல்லாவற்றையும்விட எனக்கு ஆறாமல் இருப்பது இதுதான். தன் கையால் என்ன மருந்து போட்டோம், எவ்வளவு போட்டோம் என்று அவருக்குத் தெரியும். அப்போதே உண்மையைச் சொல்லியிருந்தால் அன்று மத்தியானமே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போயிருப்போம். இரவு 11 மணிக்கு உடம்பெல்லாம் நடுங்க ஆரம்பித்தது. விடியும்போது தலையைத் தூக்கக்கூட முடியவில்லை.

திங்கட்கிழமை காலை அரசு கால்நடை மருத்துவமனையில் இருந்த டாக்டரம்மா கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, “நாய்க்கு ஐவர்மெக்டின் ஏதாவது போட்டீங்களா?” இதயப்புழு தடுப்பூசி போட்டோம் என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்து, “அப்படி ஒரு தடுப்பூசியே கிடையாதும்மா. அந்தப் பாட்டிலை எனக்குப் பார்க்கணும்” என்றார். இதயப்புழுவுக்கு உலகத்தில் எங்குமே வாக்ஸின் இல்லை. வெளிநாட்டில் வருடம் ஒரு முறை போடும் ஊசி ஒன்று இருப்பது உண்மைதான். ஆனால் அது மாக்ஸிடெக்டின் என்ற வேறு மருந்து. சிறுகச் சிறுகக் கரைந்து வெளிவரும்படி நாய்க்கென்றே செய்தது. நமக்குப் போட்டதற்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

வீட்டுக்காரர் அங்கிருந்தே திருப்பூருக்கு வண்டியை விட்டார். முதலில் பாட்டிலைக் காட்ட மாட்டேன் என்றார்களாம். அப்புறம் நாலு பேர் கூடவும் பையன் எடுத்துக் கொடுத்திருக்கிறான். போட்டோ எடுத்து அனுப்பினார். பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. லேபிளில் மாடும் ஆடும் இருந்தன. ஆட்டுப் பட்டிகளில் உண்ணிக்கும் சொறிக்கும் குடற்புழுவுக்கும் போடும் ஐவர்மெக்டின். அதிலும் வழக்கமான 1 சதவீதம் இல்லை, நாள்பட வேலை செய்யும் 3.15 சதவீதம். “ஆட்டுக்குப் போடறதுதானுங்க நாய்க்கும். மருந்து ஒண்ணுதானுங்க” என்று ஊசி போட்டவர் அப்போதும் வாதாடியிருக்கிறார்.

மருந்து ஒன்றுதான், அதில் பொய் இல்லை. நாய்களுக்கு மாதாமாதம் கொடுக்கும் இதயப்புழு மாத்திரைகள் சிலவற்றில் இருப்பதும் ஐவர்மெக்டின்தான். அதைக் கண்டுபிடித்த இருவருக்கு 2015இல் நோபல் பரிசு கொடுத்தார்கள், மனிதர்களுக்கும் கொடுக்கிற மருந்து அது. கொடுக்கிற அளவில்தான் எல்லாம் இருக்கிறது. டாக்டரம்மா சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டிய கணக்கை அப்படியே சொல்கிறேன். இதயப்புழுவைத் தடுக்க ஒரு கிலோ எடைக்கு 6 மைக்ரோகிராம் போதும். 9 கிலோ பஞ்சுவுக்கு 54 மைக்ரோகிராம். 3.15 சதவீத மருந்தில் ஒரு மில்லிக்கு 31.5 மில்லிகிராம், அதாவது 31,500 மைக்ரோகிராம். தேவைக்கு 580 மடங்குக்கும் மேலே. சொறிக்கு வைத்தியம் பார்க்கும்போது டாக்டர்கள் கூடுதலாகக் கொடுப்பதுண்டு, அதுவும் கிலோவுக்கு 300 முதல் 600 மைக்ரோகிராம்தான், கண்காணித்துக்கொண்டே கொடுப்பார்கள். பஞ்சுவுக்குப் போனது கிலோவுக்கு 3,500.

கோலி, ஷெல்டி, ஆஸ்திரேலியன் ஷெப்பர்ட் இன நாய் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். இந்த மருந்து மூளைக்குள் போகாமல் தடுத்து வெளியே தள்ளும் ஒரு புரதம் நாயின் உடம்பில் இருக்கிறது. இந்த இனங்களில் பல நாய்களுக்கு அந்தப் புரதத்தை உண்டாக்கும் மரபணுவில் குறை உண்டு என்று 2001இல் அமெரிக்காவில் கண்டுபிடித்தார்கள். எம்டிஆர்1 என்று அதற்குப் பெயர். அந்தக் குறை இருக்கும் நாயும் 6 மைக்ரோகிராம் மாத்திரையைத் தாங்கிக்கொள்ளும். கிலோவுக்கு 100 மைக்ரோகிராம் அளவுக்குப் போனாலே படுத்துவிடும். சொறி மருந்து கொடுக்கும் முன் இந்த இனக் கலப்பு என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

இந்த விஷத்துக்கு முறிவு மருந்து கிடையாது. உடம்பே மெதுவாகக் கழித்து வெளியேற்றும்வரை உயிரைப் பிடித்து வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். பஞ்சுவுக்குப் போட்டது நாள்பட வேலை செய்யும் மருந்து என்பதால் அந்தக் காத்திருப்பும் நீண்டது. தினமும் டிரிப். நடுக்கத்துக்கு ஊசி. இமைக்காத கண் காய்ந்துவிடாமல் மருந்து. ஒரே பக்கம் படுத்துப் புண் வந்துவிடக் கூடாது என்று மூன்று மணிக்கொரு முறை திருப்பிப் போட்டோம். விழுங்கத் தெரியாதபோது வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் தயிர்ச் சோற்றைக் கரைத்து ஊட்டப் பார்த்ததை நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது. மோசமானால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோக வண்டி தயாராக நின்றது. அத்தைக்கு 71 வயது. இரவில் என்னைத் தூங்கச் சொல்லிவிட்டு, பஞ்சுவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, “எந்திரி சாமி, களத்துல காக்கா எறங்கிருச்சு பாரு” என்று பேசிக்கொண்டே இருந்தார்கள்.

ஐந்தாம் நாள் வால் அசைந்தது. எட்டாம் நாள் எழுந்து நின்று விழுந்தது. பன்னிரண்டாம் நாள் நான் கிண்ணத்தை வைக்க, சத்தம் இல்லாமலேயே திரும்பிப் பார்த்தது. கண் தெரிந்துவிட்டது என்று அப்போதுதான் புரிந்தது.

இதைப் படித்துவிட்டு இதயப்புழு மாத்திரையே வேண்டாம் என்று முடிவு செய்துவிடாதீர்கள். எங்கள் சொந்தத்தில் இரண்டு பேர் அப்படித்தான் சொன்னார்கள், நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். சரியான அளவில் கொடுத்தால் பெரும்பாலான நாய்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. சிலதுக்கு வாந்தி, இளகிய மலம், ஒரு நாள் சோர்வு வரலாம். உண்ணி, தெள்ளுப்பூச்சிக்கும் சேர்த்து வரும் மாத்திரைகளில் அஃபாக்ஸோலனர், சரோலனர் மாதிரி இன்னொரு வகை மருந்தும் கலந்திருக்கும். அந்த வகையால் சில நாய்களுக்கு நடுக்கமும் வலிப்பும் வரலாம் என்று அமெரிக்க மருந்துத் துறை 2018இல் எச்சரித்திருக்கிறது. உங்கள் நாய்க்கு எப்போதாவது வலிப்பு வந்திருந்தால் அதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், வேறு மாத்திரை எழுதுவார். இன்னொன்று, ஏற்கெனவே புழு இருக்கும் நாய்க்கு ரத்தம் பார்க்காமல் கொடுத்தால், ரத்தத்தில் இருக்கும் நுண்புழுக்கள் மொத்தமாகச் செத்து நாய் அதிர்ச்சியில் விழக்கூடும். முதலில் ரத்தப் பரிசோதனை கேட்பது இதனால்தான். தொற்றிய ஆறு மாதம் வரை அந்தப் பரிசோதனையில் தெரியாது என்பதால் சில மாதம் கழித்து மறுபடியும் பார்ப்பார்கள்.

இன்னொரு விஷயமும் டாக்டரம்மா சொன்னார். இதயத்தில் தங்கும் புழு நம் நாட்டில் வடகிழக்கு மாநிலங்களில் அதிகம். கேரளம் மாதிரி தெற்குப் பக்கம் பெரும்பாலும் காண்பது அதன் இன்னொரு வகை, தோலுக்கு அடியில் வாழ்வது. ஆகவே எந்த நாய்க்கு மாத்திரை தேவை, எவ்வளவு நாள் என்பதை நாயைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். கடை வாசலில் எழுதிப் போட்டு எல்லா நாய்க்கும் ஒரே ஊசியைக் குத்துகிறவருக்கு இது எதுவும் தேவைப்படவில்லை.

யார் ஊசி போட வந்தாலும் பாட்டிலை உங்கள் கையில் வாங்கிப் பாருங்கள். மருந்தின் பெயர், எத்தனை சதவீதம், காலாவதித் தேதி, மூன்றையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். காட்ட மறுத்தால் நாயைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள். உள்ளேயிருந்து ஏற்றிக்கொண்டு வரும் சிரிஞ்சை அனுமதிக்காதீர்கள். எடை போடாமல் ஊசி வேண்டாம். பதிவு எண் என்ன என்று கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டப்படி, பதிவு பெற்ற கால்நடை மருத்துவர்தான் வைத்தியம் பார்க்கலாம். எங்களுக்கு ஊசி போட்டவருக்கு அந்தப் பதிவே இல்லை என்று பிறகு தெரிந்தது. வீட்டில் ஆட்டுக்கு வாங்கி வைத்த மருந்தில் கொஞ்சம் எடுத்து நாய்க்குப் போடும் பழக்கமும் நம் தோட்டங்களில் உண்டு. தயவுசெய்து அதையும் நிறுத்துங்கள்.

நாங்கள் மாநிலக் கால்நடை மருத்துவ மன்றத்துக்கு எழுதியிருக்கிறோம். நுகர்வோர் ஆணையத்திலும் வழக்குப் போடுகிறோம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்கு உட்பட்டால் கட்டணம் இல்லை, நடந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்தால் வழி சொல்கிறார்கள். எங்களிடம் பில், அட்டை, பாட்டில் படம், ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாம் இருக்கிறது. அந்த 900 ரூபாய் பில்லை நான் குப்பையில் போடாமல் வைத்திருந்ததுதான் இன்று எங்களுக்கு இருக்கும் பெரிய பலம்.

உங்கள் நாயின் அட்டையிலும் ‘ஹார்ட்வோர்ம் வாக்ஸின்’ என்று எழுதியிருந்தால், அதை எடுத்துக்கொண்டு பதிவு பெற்ற டாக்டரிடம் ஒரு முறை காட்டிவிடுங்கள். நாய் நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும் காட்டுங்கள், அடுத்த வருடம் மறுபடி போட்டுக்கொள்ளாமல் இருக்கவாவது உதவும். அப்படி எழுதியிருப்பவர்கள் எனக்கும் சொல்லுங்கள், புகாரில் சேர்த்துக் கொடுக்கலாம்.

பஞ்சுவுக்கு ரத்தப் பரிசோதனை செய்தாயிற்று, புழு இல்லை. மார்கழியிலிருந்து டாக்டரம்மா எழுதிக் கொடுத்த மாத்திரை கொடுக்கிறோம். ஒவ்வொரு முறையும் எடை பார்த்துக் காலண்டரில் எழுதி வைக்கிறார்கள் அத்தை. பகலில் காக்காயைத் துரத்துகிறது. இருட்டிய பிறகு மட்டும் தொட்டி மேட்டில் இடித்துக்கொள்கிறது, அங்கே ஒரு லைட் போட்டிருக்கிறோம்.