ஓட்ட வரலாறு போதுமா? தானியங்கிப் பணிகளின் தணிக்கைத் தடத்துக்கு நான்கு வழிகள்

சென்னை மண்ணடியிலோ லிங்கிச் செட்டித் தெருவிலோ உள்ள ஒரு சுங்கத் தரகு அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். மின்னஞ்சலில் வரும் இன்வாய்ஸை மென்பொருள் படித்து, பொருளுக்கான எச்எஸ் குறியீட்டை (சுங்கத்துக்காகப் பொருளை வகைப்படுத்தும் எண்) பரிந்துரைத்து, பில் ஆஃப் என்ட்ரி எனும் இறக்குமதி அறிவிப்பின் வரைவைத் தயாரித்து மேலாளரின் ஒப்புதலுக்கு அனுப்புகிறது. சரக்கு விடுவிக்கப்பட்டதும் கணக்கிலும் பதிகிறது. சில ஆண்டுகள் கழித்து, அந்தக் குறியீட்டை மாற்றியவர் யார், எந்த விதிப்படி மாற்றினார் என்று தணிக்கையில் கேட்டால், எதைக் காட்டுவது?

இப்படிப் பணிகளைத் தானாக இயக்கும் பணிப்போக்கு மென்பொருளின் ஓட்ட வரலாற்றை, அதாவது ஒவ்வொரு முறை இயங்கியபோதும் அது வைக்கும் பதிவைக் காட்டலாம் என்பதே பலருடைய முதல் பதில். ஆனால் அத்தகைய மென்பொருள்களில் ஒன்றான என்8என் தன் இயல்பான அமைப்பில் 14 நாளான ஓட்டங்களை நீக்கத் தொடங்கும். மைக்ரோசாஃப்ட்டின் பவர் ஆட்டோமேட் 28 நாள் வைத்திருக்கும். அமேசானின் ஏடபிள்யூஎஸ் ஸ்டெப் ஃபங்ஷன்ஸ், ஓட்டம் முடிந்தபின் 90 நாள். ஜிஎஸ்டி சட்டத்தின் 36ஆம் பிரிவோ, ஆண்டறிக்கைக்கான கெடு நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்கேடுகளை வைத்திருக்கச் சொல்கிறது. நிறுவனங்கள் சட்டம், 2013 எட்டு நிதியாண்டுகள் கேட்கிறது. ஓட்ட வரலாறு பழுது பார்க்கும் கருவி. அதைச் சான்றாக நம்பியிருக்க முடியாது.

2023 ஏப்ரல் 1 முதல் நிறுவனங்களின் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தத்தையும் பதியும், அணைக்க முடியாத எடிட் லாக் கட்டாயமாகியுள்ளது. ஆனால் அது கணக்குக்குள் நிகழும் திருத்தங்களுக்கே பொருந்தும். குறியீடு பரிந்துரைக்கப்பட்டதும் ஒப்புதல் தரப்பட்டதும் கணக்குக்கு வருமுன்பே முடிந்துவிடுகின்றன.

இரண்டாவது வழி, தரவுத்தளத்திலேயே தனியொரு தணிக்கை அட்டவணை வைத்து, டிரிகர் (தரவு மாறும்போதெல்லாம் தானாக இயங்கும் நிரல்) மூலம் பழைய மதிப்பையும் புதிய மதிப்பையும் பதிவது. தேடுவது எளிது, செலவும் குறைவு. ஆனால் தானியங்கிப் பணிகள் எல்லாம் பெரும்பாலும் மென்பொருளுக்கென உள்ள ஒரே சேவைக் கணக்கில் தரவுத்தளத்துக்குள் நுழைவதால், ‘யார்’ என்ற நெடுவரிசையில் எப்போதும் அந்த ஒரே பெயர்தான் இருக்கும். பொத்தானை அழுத்திய ஊழியரின் அடையாளம், அந்த நேரத்தில் நடப்பிலிருந்த விதியின் பதிப்பு எண், மாற்றத்துக்கான காரணம் ஆகியவற்றைப் பணிப்போக்கே சேர்த்து அனுப்பவேண்டும்; இவை இல்லாத தடம் நடந்ததைச் சொல்லுமே தவிர, ஏன் நடந்தது என்பதைச் சொல்லாது. மேலும், தரவுத்தள நிர்வாகி நினைத்தால் டிரிகரை நிறுத்திவிட முடியும்.

அந்தக் குறையைத் தீர்க்க வரும் மூன்றாவது வழி ஹேஷ் சங்கிலி: ஒவ்வொரு பதிவும் முந்தைய பதிவின் ஹேஷை, அதாவது அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட அடையாளக் குறியைத் தாங்குவதால், நடுவில் ஒன்றைத் திருத்தினால் சங்கிலி அறுந்தது தெரியும். ஆனால் முழு அதிகாரம் உள்ளவர் சங்கிலி முழுவதையும் புதிதாகக் கணக்கிட்டு எழுதிவிடலாம். கடைசி ஹேஷை வெளியே, வேறொருவர் பொறுப்பில் அவ்வப்போது ஒப்படைத்தால் மட்டுமே காப்பு உண்டு. இந்த வேலைக்கென்றே அமேசான் தந்த க்யூஎல்டிபி சேவை 2025 ஜூலையில் நிறுத்தப்பட்டது. எட்டு ஆண்டு காக்கவேண்டியதை ஒரு தனிச் சேவையின் ஆயுளோடு கட்டுவது எனக்கு ஏற்புடையதல்ல.

நான்காவது, பூட்டிய கோப்புச் சேமிப்பு. அமேசானின் எஸ்3 சேமிப்பில் ஆப்ஜெக்ட் லாக் என்ற பூட்டு வசதி உண்டு; அதன் கம்ப்ளையன்ஸ் முறையில் பூட்டிய கோப்பைக் கெடு முடியும்வரை முழு அதிகாரம் கொண்ட ரூட் பயனராலும் அழிக்க முடியாது, அமேசான் கணக்கையே மூடினால் ஒழிய. தேடுவதற்கு அது வசதியற்றது. ஆனால் அதில் சாதாரண சிஎஸ்வி கோப்பாக (காற்புள்ளியால் பிரித்த எளிய அட்டவணை) வைத்தால் எந்த மென்பொருளும் படிக்கும்.

சிறிய அலுவலகத்துக்கு நான் பரிந்துரைப்பது இரண்டாவதையும் நான்காவதையும் சேர்த்துத்தான்: அன்றாடக் கேள்விகளுக்குத் தணிக்கை அட்டவணை, இரவுதோறும் அதன் நகல் பூட்டிய சேமிப்புக்கு. ஹேஷ் சங்கிலி, ஒருவரையொருவர் நம்பாத பல தரப்புகள் ஒரே பதிவைப் பகிரும் இடத்துக்கே தேவை. பூட்டிய நகலில் தனிநபர் விவரங்களை வைக்காமல் அடையாள எண்ணை மட்டும் வைப்பது நல்லது. பின்னாளில் ஒருவர் தன் விவரங்களை நீக்கச் சொன்னாலும் பூட்டு திறக்காது. காலக்கெடுவைத் தவறாக இட்டுவிட்டாலும் இதே நிலைதான் என்பதால், முதலில், சிறப்பு அனுமதி உள்ளவர் பூட்டை நீக்கக்கூடிய கவர்னன்ஸ் முறையில் இயக்கிப் பார்த்து, ஒரு பழைய நாளின் கோப்பை எடுத்துப் படித்துச் சரிபார்த்த பிறகே கம்ப்ளையன்ஸுக்கு மாறவேண்டும்.