எண்டர்பிரைஸ் ஜாவா கோர்ஸில் போன 38,500 ரூபாய் – கோவைக்குப் படிக்கப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

இன்று காலை அந்த கோச்சிங் சென்டர் ஆபீஸ் படியிறங்கி, வேலந்தாவளம் வந்து, அங்கிருந்து கொழிஞ்சாம்பாறைக்கு வந்து சேர்ந்ததும் சாப்பிடக்கூட உட்காராமல் இதை எழுதுகிறேன். 38,500 ரூபாய். அம்மாவின் இரண்டு வளையலை சொசைட்டியில் வைத்து எடுத்த பணம். சென்டர் பெயரைப் போடவில்லை. கோவையில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கம் மாடியில் நடக்கும் ஒரு சாப்ட்வேர் கோச்சிங் சென்டர், அவ்வளவுதான் சொல்வேன். எங்கள் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவிலிருந்து நிறையப் பேர் இப்படிப் போகிறார்கள், அவர்களுக்காகத்தான் இது.

நான் பிளஸ் டூ வரை தமிழ் மீடியம், அப்புறம் பி.எஸ்சி. கம்ப்யூட்டர். இரண்டு இன்டர்வியூவில் சர்வர் பக்கம் என்ன தெரியும் என்று கேட்டார்கள், ஒன்றும் சொல்ல வரவில்லை. அதனால்தான் இந்த எண்டர்பிரைஸ் ஜாவா கோர்ஸைத் தேடிப் போனேன்; கம்பெனிகளின் சர்வரில் ஓடும் அப்ளிகேஷன்களை ஜாவாவில் எழுதச் சொல்லித் தருவது. விசாரிக்கப் போன அன்று அங்கே இருந்த அக்கா என் ஊரைக் கேட்டதும், "கொழிஞ்சாம்பாறையா தம்பி, எங்க சித்தி வீடு கோபாலபுரத்துலதானுங்க" என்றார். இங்கிலீஷ் தடுமாறும் என்றேன். "அதெல்லாம் பயப்படாதீங்க, சார் தமிழ்லயே சொல்லித் தருவாரு" என்றார். அந்த ஒரு வார்த்தையில் நான் பாதி விழுந்துவிட்டேன்.

மீதிப் பாதி டெமோவில். திரையில் ஒரு பேங்க் அப்ளிகேஷன். ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு 500 ரூபாய் போகிறது, நடுவில் சர்வரை நிறுத்துகிறார்கள், மறுபடி ஏற்றிப் பார்த்தால் கழிந்த 500 முதல் கணக்கிலேயே இருக்கிறது. டிரான்ஸாக்‌ஷன் என்றால் இதுதான், இரண்டும் நடக்கணும், இல்லையென்றால் இரண்டுமே நடக்கக் கூடாது, இதை கன்டெய்னரே (நம் கோடைத் தனக்குள் வைத்து ஓட்டும் சர்வர் பகுதி) பார்த்துக்கொள்ளும், நாம் பிசினஸ் லாஜிக் மட்டும் எழுதினால் போதும் என்றார் அந்த சார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இதை நானே எழுதணும் என்று அன்றைக்கே ஜிபேயில் முழுசாகக் கட்டினேன். பணம் ஏறும்போது திரையில் சென்டர் பெயர் வரவில்லை, யாரோ ஒரு ஆள் பெயர் வந்தது. கேட்டதற்கு "அக்கவுண்ட்ஸ் பார்க்கிற அண்ணன் நம்பர்தான் தம்பி" என்றார் அக்கா. நான் சரி என்றேன்.

நாலு மாத கோர்ஸ், பதினொரு வாரம்தான் நடந்தது. அதற்குள் மூன்று டிரெய்னர். ஜெராக்ஸ் நோட்ஸில் ஹோம் இன்டர்ஃபேஸ், ரிமோட் இன்டர்ஃபேஸ், என்டிட்டி பீன் என்று பக்கம் பக்கமாக இருந்தது. இதெல்லாம் ஈஜேபி, அதாவது சர்வரில் ஓடும் பிசினஸ் லாஜிக்கை எழுதும் ஜாவா முறை, அதன் பழைய வெர்ஷன் பாடம். 2006-ல் ஈஜேபி 3.0 வந்தபோதே ஹோம் இன்டர்ஃபேஸ் எழுத வேண்டிய வேலை இல்லாமல் போய்விட்டது. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை, மனப்பாடம் செய்தேன்.

ஏழாவது வாரம் "லைவ் ப்ராஜெக்ட்" என்று ஒரு வார் ஃபைலை (முழு வெப் அப்ளிகேஷனையும் ஒன்றாகக் கட்டிய ஃபைல்) கொடுத்து, டாம்கேட் 10 என்ற ஜாவா வெப் சர்வரில் போட்டு ஓட்டச் சொன்னார்கள். ஓடவில்லை. பேட்ச்சில் இருந்த ஒன்பது பேருக்கும் ஓடவில்லை. டிரெய்னர் என் லேப்டாப்பை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "ரேம் பத்தல, ஏத்திட்டு வாங்க" என்றார். 2,800 ரூபாய்க்கு ரேம் வாங்கிப் போட்டேன். அதே எரர்தான் வந்தது.

ஒரு ராத்திரி சர்வர் தன் எரரை எழுதி வைக்கும் லாக் ஃபைலை நானே வரி வரியாகப் படித்தேன். ஜாவக்ஸ் சர்வ்லெட் கிளாஸ் கிடைக்கவில்லை என்று தெளிவாக எழுதியிருக்கிறது. எண்டர்பிரைஸ் ஜாவாவுக்கான ஜாவா ஈஈ-யை ஆரக்கிள் கம்பெனி 2017-ல் எக்லிப்ஸ் ஃபவுண்டேஷன் என்ற அமைப்புக்குக் கொடுக்க முடிவு செய்து, 2018-ல் ஜகார்த்தா ஈஈ என்று பெயர் மாறி, 2020-ல் வந்த ஜகார்த்தா ஈஈ 9-ல் கோடில் கிளாஸ் பெயருக்கு முன்னால் வரும் பேக்கேஜ் பெயர்களும் ஜாவக்ஸிலிருந்து ஜகார்த்தா என்று மாறிவிட்டன. டாம்கேட் 10-க்குப் பழைய பெயர் தெரியாது. டாம்கேட் 9-ல் போட்டேன், முதல் பக்கம் வந்துவிட்டது. வெப்ஆப்ஸ்-ஜாவாஈஈ என்ற ஃபோல்டரில் போட்டால் டாம்கேட் 10-ஏ மாற்றிக்கொள்ளும் என்பதும் அப்புறம் தெரிந்தது. இதற்கும் ரேமுக்கும் என்ன சம்பந்தம்?

அதோடும் முடியவில்லை. பணம் மாற்றும் பக்கத்தை அழுத்தினால் மறுபடி எரர். அந்தப் பகுதி ஈஜேபி. டாம்கேட்டில் ஈஜேபி கன்டெய்னரே கிடையாது, வைல்ட்ஃப்ளை, கிளாஸ்ஃபிஷ், டோம்ஈஈ மாதிரி சர்வர் வேண்டும். அப்படியானால் அன்றைக்கு டெமோ எப்படி ஓடியது? மறுநாள் லேபில் அந்த கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தேன். டெஸ்க்டாப்பிலேயே இருந்தது, நாலு நிமிஷ வீடியோ. அதே 500 ரூபாய். ஒருத்தர் ரெக்கார்ட் செய்ததை ஓட்டிக் காட்டித்தான் என்னிடம் 38,500 வாங்கியிருக்கிறார்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். முதல் வாரம் "சார் கிளாஸ்ல இருக்காரு". அடுத்த வாரம் "சார் ஊர்ல இல்ல". அப்புறம் "அடுத்த பேட்ச்ல சும்மா உக்காந்துக்கங்க தம்பி". வாட்ஸ்அப்பில் எழுதினால் நீல டிக் விழும், பதில் வராது. ரசீதின் பின்பக்கத்தில் பணம் திருப்பித் தரப்படாது என்று பொடி எழுத்தில் அச்சடித்திருப்பதை இன்று காட்டினார்கள். கோபாலபுரம் சித்தி கதை சொன்ன அதே அக்கா என் முகத்தைப் பார்க்காமல், "நீங்க கேரளா, கேஸ் போட்டாலும் இங்க வந்துதான் அலையோணும்" என்றார்.

அது பொய். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார் கொடுப்பவர் குடியிருக்கிற மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே கொடுக்கலாம். நாம் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணமும் இல்லை. தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915-க்கு போன் செய்தும் சொல்லலாம்.

சேரப் போகிறவர்களுக்கு விவரமாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை, இதை மட்டும் பாருங்கள். முழுப் பணத்தை ஒரே தடவையில் கட்டாதீர்கள். தனியாள் நம்பருக்கு அனுப்பவே அனுப்பாதீர்கள். டெமோ காட்டினால் "கோடில் ஒரு வரியை மாற்றிவிட்டு மறுபடி ஓட்டுங்க" என்று கேளுங்கள். எந்த சர்வர், எந்த வெர்ஷன் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். ஜாவாவில் சர்வர் அப்ளிகேஷன் எழுத உதவும் ஸ்பிரிங் பூட் 3-க்கு ஜாவா 17 வேண்டும், அவர்கள் கம்ப்யூட்டரில் ஜாவா 8 இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஜிபே ஸ்கிரீன்ஷாட், ரசீது, ரேம் பில், அந்த நீல டிக் எல்லாவற்றையும் பிரின்ட் எடுத்து வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை பாலக்காடு போகிறேன். ரேமையும் சேர்த்து 41,300 கேட்கப் போகிறேன். அந்த பேட்ச்சில் இருந்த மற்ற எட்டுப் பேரில் யாராவது இதைப் படித்தால் கூட வாருங்கள்.