குறுந்தொகை, உ.வே.சா. பதிப்பு: யார் வாங்கலாம், எப்படிப் படிக்கலாம்

திருமண அழைப்பிதழ்களில் அடிக்கடி கண்ணில் படும் சங்கப் பாட்டு குறுந்தொகையின் 40ஆம் பாட்டு. 'யாயும் ஞாயும் யாரா கியரோ' என்று தொடங்கி, செம்மண் நிலத்தில் பெய்த மழைநீர்போல நெஞ்சங்கள் கலந்தன என்று முடியும் ஐந்து அடிகள். அழைப்பிதழில் வராதது, அந்தப் பாட்டோடு சேர்ந்தே நமக்கு வந்திருக்கும் பழைய குறிப்பு. முதல் கூடலுக்குப் பிறகு, 'இவன் நம்மைப் பிரிந்து போய்விடுவானோ' என்று தலைவி அஞ்சுகிறாள். அவள் முகம் மாறுவதைக் கண்டு தலைவன் சொன்னது இது என்கிறது குறிப்பு. அப்படிப் படித்தால் இது வெற்றிக் களிப்பு இல்லை, அச்சத்தைத் தணிக்கச் சொல்லும் உறுதிமொழி. 'கலந்தனவே' என்பதில் உள்ள அழுத்தம் அப்போதுதான் காதில் விழும்.

குறுந்தொகைப் பதிப்பு ஒன்றை நல்லது, ஆகாதது என்று சொல்ல எனக்கு இந்த ஒரு அளவுகோல் போதும். யார் பேசுகிறார், யாரிடம், ஒளிந்து கேட்பவர் யார் என்ற மூன்றையும் அது தருகிறதா? 1937இல் வெளிவந்து இன்றும் மறுபதிப்பாகும் உ.வே. சாமிநாதையர் பதிப்பு இதில் ஏமாற்றுவதில்லை. ஆனால் எல்லோருக்கும் ஏற்ற புத்தகம் என்று சொல்ல மாட்டேன்.

நூல் தெரியாதவர்களுக்கு ஒரு சுருக்கம். குறுந்தொகை, சங்க காலக் காதல் பாடல்களின் தொகை. கடவுள் வாழ்த்து நீங்கலாக 401 பாடல்கள், பெயர் தெரிந்த புலவர்கள் 205 பேர். பாடல்கள் 4 முதல் 8 அடி. 307, 391 என்ற இரண்டு மட்டும் 9 அடி. தொகுத்தவர் பூரிக்கோ. 380 பாடல்களுக்குப் பேராசிரியர் என்ற பழைய உரையாசிரியரும், அவர் விட்ட 20 பாடல்களுக்கு நச்சினார்க்கினியரும் உரை எழுதியதாகச் செய்தி உண்டு. இரண்டு உரையும் கிடைக்கவில்லை. முதல் அச்சு 1915இல் சௌரிப்பெருமாள் அரங்கன் உரையோடு வந்தது. பழைய உரை இல்லாத நூலுக்கு உரையைப் புதிதாகவே எழுத வேண்டியிருந்தது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் ஐயர் பதிப்பை எடைபோட வேண்டும்.

ஒவ்வொரு பாட்டுக்கும் சூழல் குறிப்பு, மூலம், பதவுரை (சொல்லுக்குச் சொல் பொருள்), முடிபு, கருத்து, விசேடவுரை (கூடுதல் விளக்கம்), அப்புறம் மேற்கோளாட்சியும் (பாட்டைப் பிற நூல்கள் எடுத்தாண்ட இடங்கள்) ஒப்புமைப் பகுதியும் (பிற நூல்களில் உள்ள ஒத்த வரிகள்) வருகின்றன. இவற்றில் பலரும் தாண்டிப் போவது 'முடிபு'. அதைத் தாண்டாதீர்கள். சங்கப் பாட்டின் வாக்கியம் பெரும்பாலும் தலைகீழாக நிற்கும். எந்தப் பெயர் எந்த வினையோடு சேர்கிறது என்பதை முடிபு ஒரே வரியில் நேராக்கிவிடும். பதவுரையில் மூச்சு முட்டும்போது அங்கே போய் மீளலாம்.

விசேடவுரைதான் இந்தப் பதிப்பின் சொத்து. கபிலரின் 18ஆம் பாட்டில், 'சிறுகோட்டுப் பெரும்பழம் தூங்கி யாங்கு' இவள் உயிர் சிறிது, காமமோ பெரிது என்று தோழி தலைவனிடம் சொல்கிறாள். இந்த உவமை எல்லோருக்கும் பிடித்துப்போகும், மேற்கோளும் காட்டுவார்கள். ஆனால் பாட்டு தொடங்குவது வேறு ஒரு பலாவில்: மூங்கில் வேலிக்குள், வேரிலேயே காய்த்துக் கிடக்கும், அவன் மலையின் பலா. அந்தப் பழம் விழாது, அதற்குக் காவலும் உண்டு. இவள் பழமோ மெல்லிய கிளையில் தொங்குகிறது. இரவில் வந்து போகிறவனை வழிமறித்து, 'சீக்கிரம் மணந்துகொள்' என்று தோழி நெருக்கும் இடம் இது என்று குறிப்பு சொல்லும்போது இரண்டு பலாவும் ஒன்றுக்கொன்று எதிராக நிற்பது தெரியும். நிலக்காட்சியை அழகுக்காகத் தூவிய வர்ணனை என்று நினைப்பவர்கள் பாதிப் பாட்டைத்தான் படிக்கிறார்கள்.

3ஆம் பாட்டும் இப்படித்தான். நிலத்தைவிடப் பெரியது, வானைவிட உயர்ந்தது, நீரைவிட ஆழமானது என்று நட்பைச் சொல்லும் தேவகுலத்தார் பாட்டு. அதைத் தனிமையில் எழுந்த பரவசமாகவே பலர் படிக்கிறார்கள். குறிப்பின்படி அங்கே மூன்று பேர் இருக்கிறார்கள். தலைவன் வேலிக்கு அப்பால் நிற்கிறான். மணத்தைத் தள்ளிப்போடுகிறானே என்று தோழி, அவன் காதில் விழும்படி, அவனைப் பழிக்கிறாள். தலைவி அவனை விட்டுக்கொடுக்காமல் பேசுகிறாள். அவள் பேச்சும் அவன் காதில் விழத்தான் செய்யும். பழிப்பதும் புகழ்வதுமாக இரண்டு பெண்களும் அவனை ஒரே திசையில் தள்ளுகிறார்கள். காதலைச் சொல்வதும் காரியம் சாதிப்பதும் ஒரே வாக்கியத்தில் நடக்கின்றன. காதலைப் பாடும் அகக் கவிஞர்களின் கெட்டிக்காரத்தனம் இது.

கடையில் எந்தப் பதிப்பைக் கையில் எடுத்தாலும் 8ஆம் பாட்டைப் புரட்டிப் பாருங்கள். மரத்திலிருந்து தானே உதிரும் மாம்பழத்தை வாளைமீன் கவ்வும் ஊரன், அதாவது அந்த ஊர்த் தலைவன். எம் வீட்டில் பெரிய பேச்சு, தன் வீட்டிலோ கண்ணாடியில் தெரியும் பிம்பம்போல மகனின் தாய் ஆட்டியபடி ஆடுகிறான். பேசுபவள் மனைவி இல்லை, காதற்பரத்தை, அதாவது அவன் மனைவியல்லாத காதலி. மனைவி தன்னைப் பழித்தாள் என்று கேள்விப்பட்டு, மனைவியின் பக்கத்தார் காதில் விழச் சொல்கிறாள். இதைச் சொல்லாமல் பொழிப்புரை மட்டும் தரும் புத்தகத்தில் இந்தப் பாட்டு விளங்கவே விளங்காது. அதற்குப் பின் 25ஆம் பாட்டு. தலைவன் தன்னைக் கூடியபோது வேறு யாரும் இல்லை என்று தலைவி சொல்லும் 'யாரும் இல்லைத் தானே கள்வன்' என்பதில் சாட்சியாக நிற்கும் குருகு (நீர்ப்பறவை) ஆரல்மீனைப் பார்த்துக்கொண்டிருந்தது. அது இவர்களைப் பார்க்கவே இல்லை, ஆகவே அதுவும் சாட்சிக்கு உதவாது என்ற நுணுக்கத்தை உரை தொடுகிறதா என்று பாருங்கள். இந்த இரண்டிலும் தேறாத தெளிவுரையை அங்கேயே வைத்துவிடலாம்.

குறைகளும் உண்டு. உரைநடை 1937க்கு உரியது. பதவுரை நீண்டுகொண்டே போகும் ஒற்றை வாக்கியமாக வரும். ஒப்புமைப் பகுதி ஆய்வாளருக்குப் பொக்கிஷம், மற்றவர்களுக்கு வேகத்தடை. நூற்பெயர்களைச் சுருக்கக் குறியீடுகளால் தருவதால், முன்னாலுள்ள குறியீட்டு விளக்கம் இல்லாத பிரதி வாங்கினால் திண்டாட்டம்தான். மூலம் சீர் பிரித்து நிற்கும், சொல் பிரித்து அல்ல. 'யாரா கியரோ' என்று கண்டால் 'யார் ஆகியரோ' என்று நீங்களே சேர்த்துப் பிரிக்க வேண்டும். புதியவர்கள் இடறி விழுவது பெரும்பாலும் இங்கேதான், அருஞ்சொற்களில் அல்ல. சொல் பிரித்த மலிவான மூலப் பதிப்பு ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் பாதிச் சிரமம் தீரும்.

இன்னொரு குறை பதிப்பினுடையது அல்ல, மரபினுடையது. அந்தச் சூழல் குறிப்புகளைப் புலவர்களே எழுதியதாகக் கொள்ள முடியாது. பின்னால் வந்தவர்கள் பாட்டை எப்படி வாங்கிக்கொண்டார்கள் என்பதன் பதிவாகவே அவற்றைக் கொள்ள வேண்டும். சில இடங்களில் அவை பாட்டைச் சிறிதாக்கிவிடும். ஔவையாரின் 28ஆம் பாட்டில், 'முட்டுவேன்கொல் தாக்குவேன்கொல்' என்று, தன் நோய் அறியாமல் தூங்கும் ஊரைப் பார்த்து ஒருத்தி கதறுகிறாள். 'மணம் தாமதிக்கும் காலத்தில் கவலைப்பட்ட தோழிக்குச் சொன்னது' என்ற குறிப்பு அந்தக் கதறலுக்குப் போதவே போதாது. ஆகவே முதல் வாசிப்பில் குறிப்பைத் தொடாதீர்கள். பாட்டைச் சத்தமாக இரண்டு முறை படியுங்கள். கடைசி அடியிலோ முதல் அடியிலோ முற்றுவினையைத் தேடுங்கள். விளி இருக்கிறதா பாருங்கள்: 'தோழி' என்றோ 'வாழி' என்றோ வந்தால் பாதி விடை கிடைத்துவிட்டது. நிலத்தில் எந்த உயிர் என்ன செய்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பேசுபவர் யார் என்று நீங்களே ஊகித்த பிறகு குறிப்புக்குப் போங்கள். உங்கள் ஊகமும் குறிப்பும் மோதும் பாட்டுகளில்தான் படிக்கிற சுவை அதிகம்.

1 முதல் 401 வரை வரிசையாகப் படிப்பதிலும் பயனில்லை. ஐங்குறுநூறு திணைக்கு (குறிஞ்சி, பாலை போன்ற நிலப் பிரிவுக்கு) நூறு பாடல் என்று பகுத்துவைக்கப்பட்டது. அகநானூற்றின் எண்களே திணையைச் சொல்லும், ஒற்றைப்படை எல்லாம் பாலை. குறுந்தொகையில் அப்படி எந்த ஒழுங்கும் இல்லை. கூற்று வாரியாக, அதாவது பேசுபவர் வாரியாகப் படித்தால் நல்லது: தோழி பேசும் பாடல்களை ஒரு வாரம், தலைவன் பேசுவதை அடுத்த வாரம். தலைவியை வளர்த்த தாயான செவிலி பேசும் 167ஐ மட்டும் தனியே எடுத்துவையுங்கள். அதில் தலைவி, தயிர் பிசைந்த விரலைத் துடைத்த ஆடையைத் துவைக்காமல் உடுத்து, தாளிப்புப் புகை கண்ணில் ஏற அவள் சமைத்த புளிக்குழம்பைக் கணவன் 'இனிது' என்று உண்கிறான். அவள் முகம் 'நுண்ணிதின்' மகிழ்கிறது. ஊடலும் பிரிவும் ஏக்கமுமாகப் போகும் தொகையில் மணவாழ்க்கையை இவ்வளவு குறைந்த சத்தத்தில் சொன்ன பாட்டு அரிது.

பாடினோர் வரலாறு பகுதியை விட்டுவிடாதீர்கள். செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், மீனெறி தூண்டிலார், குப்பைக் கோழியார் என்று தங்கள் உவமையே பெயராகிப்போன புலவர்களை அங்கே பார்க்கலாம்.

பரிசாகக் கொடுக்க, சும்மா புரட்டிப் பார்க்க இந்தப் பதிப்பு வேண்டாம். சங்க இலக்கியத்தில் ஓரளவு பழகியவர்கள், காதல் கவிதை எழுதுகிறவர்கள், ஆசிரியர்கள் வாங்கலாம். வாங்கும் முன், பின்னால் பாட்டு முதற்குறிப்பு அகராதி இருக்கிறதா, சிறிய எழுத்துகள் மை பரவாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். பணம் செலவிடத் தயக்கம் இருந்தால், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் இந்த உரை இலவசமாகவே இருக்கிறது. பத்துப் பாட்டு அங்கே படித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.